திரையில் கலந்தது பைப்பில் கலந்ததா?

சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலும் துவாஸிலும் ஆலைகளில் பிராசஸ் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் கைக்கு சிஎஃப்டி ரிப்போர்ட், அதாவது திரவ ஓட்டத்தைக் கணினியில் சிமுலேஷன் செய்த அறிக்கை, வந்திருக்கும். படத்தில் பைப்பின் ஒரு முனையில் இரண்டு திரவத்துக்குச் சிவப்பும் நீலமும், மறுமுனையில் ஒரே பச்சை, கீழே 'நன்றாகக் கலந்துவிட்டது' என்று ஒரு வரி. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பச்சையைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சிமுலேஷன் மென்பொருள் பைப்பின் உட்புறத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. அதுதான் மெஷ். ஓர் அறைக்கு ஒரே சராசரிச் செறிவு. அறை பெரிதாக இருந்தால், அதற்குள் இரண்டு திரவமும் ஒட்டாமல் ஓடினாலும் கணக்கில் கலந்ததாகவே விழும். கலவை விஷயத்தில் மட்டமான மெஷ் நல்ல செய்தியைத்தான் சொல்லும், ஆபத்தே அதில்தான். மெஷ்ஷை மேலும் நுணுக்கி, விடை மாறுகிறதா என்று பார்த்திருக்கிறார்களா என்பதைத்தான் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவேன்.

200 மில்லிமீட்டர் பைப்பில் தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீராகப் போகுமா, கொந்தளிக்குமா என்று காட்டும் எண்) சுமார் 200,000. கொந்தளிப்பே பாதி வேலையைப் பார்த்துவிடும். அதே வேகத்தில் தண்ணீரைவிட 100 மடங்கு பிசுபிசுப்பான மசகு எண்ணெய் ஓடினால் எண் 2,000தான், கொந்தளிப்பு கிடையாது. அங்கே ஸ்டாட்டிக் மிக்சர், அதாவது பைப்புக்குள் அசையாமல் நிற்கும் தகடுகளின் வரிசை, வேண்டும். முறுக்கிய தகடு ஒவ்வொன்றும் ஓட்டத்தை இரண்டாகப் பிளக்கும், பரோட்டா மாவை மடிப்பதுபோல அடுக்கு பெருகும். 12 தகடு என்றால் ஏட்டுக் கணக்கில் 4,096 அடுக்கு. ஓர் அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். அதைப் பிடிக்கிற மெஷ் போட எந்தக் கம்பெனி கணினி தாங்கும்? இந்த மாதிரி ஓட்டத்துக்கு வண்ணப்படத்தை விட்டுவிட்டு, துகள்களை ஓடவிட்டு அவற்றின் பாதையைப் பின்தொடரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், தண்ணீரின் பிஎச்சை (அமில-காரத் தன்மையின் அளவை) உயர்த்த ஊற்றும் காஸ்டிக் சோடா. 50 சதவீதக் கரைசல் தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு கனம். ஓட்டம் குறையும் நேரத்தில் படுக்கை பைப்பின் அடியிலேயே அது ஊர்ந்துபோகும். பிஎச் சென்சார் மேல்பக்கம் இருந்தால் 'இன்னும் போதவில்லை' என்று காட்டும், சோடாவை ஊற்றும் டோசிங் பம்ப் இன்னும் தள்ளும். புவியீர்ப்பைச் சேர்க்காமல், முழு ஓட்டத்துக்கு மட்டும் போட்ட சிமுலேஷனில் இது தெரியவே தெரியாது. குறைந்தபட்ச ஓட்டத்துக்கும் ஒரு கணக்கு கட்டாயம் வேண்டும்.

கலந்த அளவையும் நிறத்தில் சொல்லாமல் எண்ணில் சொல்லட்டும். குறுக்குவெட்டில் செறிவின் திட்டவிலக்கத்தை (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவை) அந்தச் சராசரியால் வகுத்தால் 0.05க்குள் வரவேண்டும் என்பது துறையில் பரவலான வழக்கம். பைப்பிலும் சுவரோரம் ஒரே இடத்தில் சாம்பிள் எடுத்தால் போதாது. நடு, மேல், அடி என்று எடுத்து ஒப்பிடவேண்டும்.

இன்னொன்று: மிக்சர் விற்பவர் சொல்லமாட்டார், தகடு கூடக்கூட அழுத்த இழப்பும் பம்பின் மின்செலவும் ஏறும். தண்ணீர் லைனில் சுவரோரம் ஊற்றும் ரசாயனத்தைச் சின்னக் குழாய்வழி நடுமையத்தில் விட்டாலே பல இடங்களில் தகடு குறையும். இரண்டு அமைப்பையும் சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆர்டர் போடலாம்.