மைட்டர்: ஒரு சொல், இரண்டு பாகை

ஆயர் தலையில் இருக்கும் உயரமான, கூம்பிய தொப்பிக்கும் மைட்டர் என்று பெயர். படச்சட்டத்தின் மூலையில் இரண்டு கட்டைகள் சாய்வாகச் சேர்கிற இணைப்புக்கும் அதே பெயர்தான்.

மூலம் கிரேக்கம். அங்கே 'மித்ரா' என்றால் கட்டுகிற பட்டை. ஹோமரின் இலியட் காவியத்தில் அது போர்வீரன் இடுப்பைக் காக்கும் கவசம். இடுப்பிலிருந்து தலைக்கு ஏறி, தலைக்கட்டு என்ற பொருளோடு லத்தீனுக்கும், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் போனது. ஆயரின் மைட்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு விறைப்பான மடல்கள் உச்சியில் கூம்பி நிற்கும். பிடரியில் இரண்டு நாடாக்கள் தொங்கும். 12-ஆம் நூற்றாண்டில் இந்தக் கூம்புகள் காதுப்பக்கம் கொம்புபோல இருந்தன, பிறகுதான் முன்பின்னாகத் திரும்பின. கிழக்குத் திருச்சபைகளில் பலவற்றில் அது கிரீட வடிவம். இதயத்தின் மைட்ரல் வால்வுக்கும் இந்தத் தொப்பியின் இரு மடல்களைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். தமிழில் அதை ஈரிதழ் வால்வு என்கிறோம். தொப்பியை விட்டுவிட்டு இதழை எண்ணிய நல்ல பெயர்ப்பு.

தச்சு வேலைக்கு வருவோம். இரண்டு கட்டைகளின் நுனியையும் 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்தால் செங்கோண மூலை கிடைக்கும். சேர்ந்த கோடு ஆயர் தொப்பியின் சாய்ந்த விளிம்பை நினைவூட்டியதால் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதே பரவலான கருத்து. பார்க்க அழகு, செய்யச் சள்ளை. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால் கடைசி மூலை 4 டிகிரி வாய் பிளக்கும். கட்டையின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடுவதால் பிடிப்பும் குறைவு. மரம் காய்ந்து அகலம் சுருங்கினால் உள்மூலையில் இடுக்கு விழும். அதனால்தான் குறுக்கே மெல்லிய பட்டை செருகுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய தமிழ் வேதாகமம் இஸ்ரவேலரின் முதல் தலைமைக் குருவான ஆரோனின் தலைக்கட்டைப் 'பாகை' என்கிறது (யாத்திராகமம் 28:4). அதே இடத்தில் 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு போட்ட சொல் மைட்டர். வேடிக்கை என்னவென்றால், கோணத்தை அளக்கும் டிகிரிக்கும் தமிழில் பாகைதான்! அது 'பாகம்' வழி வந்த வேறு சொல். ஆக 45 பாகையில் அறுப்பதும் பாகை, தலையில் வைப்பதும் பாகை. தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்.

இதை நம்பி இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம். பாகை என்றதும் சுற்றிக் கட்டும் துணிதான் மனதில் வரும். விறைத்து நிற்கும் தொப்பிக்கு 'ஆயர் முடி' பொருந்தும் என்பது என் எண்ணம். இணைப்புக்கு 'சாய்மூலை இணைப்பு', ரம்பத்தை வழிநடத்தும் பெட்டிக்குச் 'சாய்வெட்டுப் பெட்டி'. பட்டறையில் மைட்டர் என்றே கேளுங்கள், அதுதான் சட்டென்று கைக்கு வரும்.