"கவலைப்படாதே" என்று சொன்னால் பால் சுரந்துவிடாது

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்ப்பால் ஆலோசகராகப் பணிபுரியும் நான், இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அதே காட்சியைக் கண்டேன். 30 வாரத்தில் 1,200 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை உள்ளே இன்குபேட்டரில் இருக்க, வெளியே அதன் தாய் பீய்ச்சிய பாலை மாமியார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா? அழுதழுதே பாலை வற்றடித்துவிட்டாய்" என்றார். அந்தப் பச்சை உடம்புக்காரியின் தோள்கள் காதுவரை இறுகி ஏறியிருந்தன.

அழுதால் பால் வற்றாது. பதற்றத்தில், பாலை இறங்கச் செய்யும் ஹார்மோனான ஆக்ஸிடோசினின் சுரப்பு தடைபடுவதால், மார்பில் ஊறியிருக்கும் பால் இறங்கத் தாமதமாகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து "பால் இல்லை" என்று முடிவுகட்டிப் பீய்ச்சுவதை நிறுத்தும்போதுதான், தேங்கிய பால் காரணமாக உற்பத்தியே குறையத் தொடங்குகிறது. முதல் இரண்டு நாட்களில் சில துளிச் சீம்பால் வருவதே இயல்பு என்பதையும், குறைமாதக் குழந்தையின் குடலுக்கு அத்துளிகளே காப்பு என்பதையும் குடும்பத்தார் தயவுசெய்து மனத்தில் கொள்ளவேண்டும்.

1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருள் உடலையும் மனத்தையும் இறுக்கம் தளரச் செய்யும் தளர்வுப் பயிற்சி ஒலிநாடாவைக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிட ஒரு வேளையில் 63% அதிகப் பால் எடுத்தனர். ஆகவே தளர்வு என்பது அறிவுரை அன்று, செய்யவேண்டிய வேலை. முதுகுக்குத் தலையணை வைத்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சில நிமிடங்கள் மார்பில் வைத்து, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். அப்போது உடனிருப்பவர் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்புவரை முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரல்களால் வட்டமாக அழுத்திவிட வேண்டும். குழந்தையைப் போர்த்தியிருந்த துணியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசனைக்குப் பால் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பம்ப் பயன்படுத்துவோர் பாட்டில்மீது ஒரு காலுறையை மாட்டி, அளவைப் பார்ப்பதையே விட்டுவிடலாம்.

மருத்துவர் அனுமதித்ததும், குழந்தையைத் தோலோடு தோல் படும்படி நெஞ்சில் அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பைத் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணிநேரம்வரை அதைத் தர உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. குழந்தையை நெஞ்சிலிருந்து எடுத்த கையோடு பீய்ச்சினால் எளிதாக வரும். நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சவேண்டும். இரவு வேளையைத் தவறவிடாதீர்கள்.

அந்த மாமியாருக்கு முதுகு நீவிவிடக் கற்றுக்கொடுத்தேன். மறுநாள் அவரே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் ஒரு தாய் ஓயாமல் அழுதாலோ, தூங்க முடியாமல் தவித்தாலோ, குழந்தையைப் பார்க்கவே மறுத்தாலோ முதுகு நீவுவது மட்டும் போதாது. அது பிரசவத்திற்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தற்கொலை எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னால் இரண்டு வாரம் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.