சீடர்: முதலில் விதை இருக்கிறதா என்று பாருங்கள்

கோப்புகளைப் பலருடைய கணினிகளிலிருந்து பகிர்ந்து இறக்க உதவும் டோரண்ட் மென்பொருளில் தினமும் கண்ணில் படும் சொல் சீடர். தமிழில் எழுதினால் குருவின் காலடியில் உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தச் சீடர் வடமொழியின் 'சிஷ்ய' வழியாக வந்தவர். இந்தச் சீடர் வேறு. ஆங்கிலத்தில் விதைக்கு 'சீட்' என்று பெயர். அதை வைத்திருந்து மற்றவர்களுக்குத் தருபவர் சீடர். எழுத்துப்பெயர்ப்பில் விதை மறைந்துபோகிறது. அது மறைந்ததால் எத்தனை பேர் வீணாகத் திண்டாடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சித்தி மகன் ஒரு பழைய மடிக்கணினியை உயிர்ப்பிக்க, 32 பிட் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றின் பழைய பதிப்பை டோரண்ட்டில் இறக்கிக்கொண்டிருந்தான். ராத்திரி போன். "அண்ணே, ரெண்டு நாளா 97-லயே நிக்குது. மோடத்தை மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்." திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சீட்ஸ் என்ற கட்டத்தில் 0 (0). இன்னும் இறக்கி முடிக்காத மற்றவர்களைக் காட்டும் பியர்ஸ் கட்டத்தில் 6 (9). ஓரத்தில் அவைலபிலிட்டி 0.974. கோளாறு மோடத்தில் இல்லை என்பது அந்த மூன்று எண்களிலேயே தெரிந்தது. "சீடர்னா யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "நம்மள மாதிரி டவுன்லோடு பண்றவங்கதானே?" என்றான்.

இல்லை. டோரண்ட்டில் ஒரு கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, பலருடைய கணினிகளில் இருந்து வருகிறது. எல்லாத் துண்டுகளையும் முழுமையாக வைத்துக்கொண்டு, தனக்கு எதுவும் தேவையில்லாமல், கேட்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவர் மட்டுமே சீடர். இன்னும் முழுமை பெறாதவர்கள் தங்களிடம் உள்ள துண்டுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். பிராம் கோஹன் 2001-இல் டோரண்ட்டுக்கு அடிப்படையான பிட்டோரண்ட்டை வெளியிட்டபோது இதைத்தான் புதுமையாகச் செய்தார். யாரிடமும் அதிகம் இல்லாத துண்டை முதலில் வாங்கி வைத்துக்கொள்வது இதன் வழக்கம். அரிய துண்டு சீக்கிரம் பரவிவிட்டால், அதை வைத்திருந்தவர் போன பிறகும் அது நிற்கும் அல்லவா?

ஆனால் கடைசிச் சீடர் கிளம்பும்போது ஒரு துண்டு யாருக்கும் போய்ச் சேராமல் இருந்துவிட்டால் கதை முடிந்தது. மிச்சம் இருப்பவர்கள் தங்களிடம் உள்ளதை எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்து, எல்லோரும் ஒரே அளவில் வந்து நிற்பார்கள். தம்பியின் 0.974-க்கு இதுதான் பொருள்: அந்தக் கூட்டம் முழுவதிலும் இருந்த துண்டுகளை ஒன்றுசேர்த்தாலும் ஒரு முழுக்கோப்பு தேறாது. அவனுடைய இணைப்பு எத்தனை வேகமாக இருந்தாலும், உலகில் அந்த நேரத்தில் யாரும் தந்துகொண்டிராத ஒரு துண்டை அது கொண்டுவர முடியாது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில 'சீட்' பழைய ஜெர்மானியச் சொல். விதைப்பதைக் குறிக்கும் 'சோ' என்ற வினையும் அதன் உடன்பிறப்பு. லத்தீனில் அதே வேரிலிருந்து 'செமென்' வந்தது. அதிலிருந்து நாற்றங்காலைக் குறிக்கும் 'செமினாரியம்'. நாம் கல்லூரியில் நடத்தும் செமினாரும், கிறித்தவ குருமாணவர்கள் படிக்கும் செமினரியும் அந்த நாற்றங்காலில் முளைத்தவையே. ஆக, நம் ஊர்ச் சீடர்களும் ஆங்கிலத்து விதையும் செமினரியில் ஒருமுறை சந்தித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. டென்னிஸில் 'முதல் சீட்', 'இரண்டாம் சீட்' என்பதும் இதே விதைதான். நல்ல ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி பட்டியலில் தூவி வைப்பது.

தமிழில் வித்து என்பது பெயராகவும் வினையாகவும் இருக்கும் பழஞ்சொல். மலையாளத்தில் வித்து, தெலுங்கில் வித்தனம், கன்னடத்தில் விதைப்பதைக் குறிக்கும் 'பித்து' (bittu) என்று குடும்பம் முழுக்கப் பரவியிருக்கிறது. இரவல் தேவையே இல்லாத இடம் இது.

அப்படியானால் சீடருக்குத் தமிழ் என்ன? விதைப்பவர் என்று சொல்லிவிடலாம், புரியும். ஆனால் எனக்கு ஒரு நெருடல். விதைப்பவர் கையில் இருப்பதை வயலில் வீசிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அவர் கையில் விதை இல்லை. டோரண்ட் சீடரோ கொடுத்த பிறகும் முழுதாக வைத்திருக்கிறார். அவரைப் பார்க்கும்போது எனக்கு விதைநெல் காப்பவர்தான் தோன்றுகிறார். தென்மாவட்டங்களில் விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து, உருண்டையாகப் பிரி சுற்றிக் கட்டி, மேலே சாணி மெழுகிக் காயவைப்பார்கள். கோட்டை என்று அதற்குப் பெயர். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் கோட்டையில் கை வைக்க மாட்டார்கள்.

வைத்திருப்பது, கொடுப்பது இரண்டையும் தாங்கும் சொல்லாக எனக்குப் படுவது விதையாளர். '-ஆளர்', '-ஆளி' என்ற ஈறு ஒன்றை உடையவரையும் சொல்லும், அதைக் கையாள்பவரையும் சொல்லும். முதல் போட்டவர் முதலாளி, பங்கு உடையவர் பங்காளி, பொறுப்பு ஏற்றவர் பொறுப்பாளர். அந்த வரிசையில் விதையாளர் இயல்பாக உட்காருகிறது. 'சீட் பண்ணு' என்ற வினைக்கு 'விதை விடு' போதும். 'நாற்று விட்டாச்சா?' என்று கேட்கிற ஊரில் இது யாருக்கும் அந்நியமாக இருக்காது.

எதிர்ப்பக்கத்தில் லீச்சர் இருக்கிறார். லீச் என்றால் அட்டை, ரத்தம் குடிக்கும் புழு. நேராக அட்டை என்று மொழிபெயர்த்தால் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும். அது மட்டுமல்ல, இன்னும் இறக்கி முடிக்காதவர் எல்லோரையுமே மென்பொருள்கள் அப்படி அழைப்பது அநியாயம். அவர்களும் கொடுத்துக்கொண்டேதான் வாங்குகிறார்கள். கடிதத்தின் மேல் எழுதும் பெறுநர் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தும். முடிந்ததும் மூடிவிட்டு ஓடுபவரை மட்டும் ஒட்டுண்ணி என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேகம் குறையும்போது இந்தச் சொற்கள் எப்படி உதவும் என்று பாருங்கள். சீட்ஸ் கட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கும். வெளியே இருப்பது உங்களோடு இப்போது இணைந்திருக்கும் விதையாளர்கள். அடைப்புக்குள் இருப்பது மொத்தக் கூட்டத்தில் இருப்பதாகத் தெரியவரும் எண்ணிக்கை. 0 (0) என்றால் விதையே இல்லை. காத்திருக்க வேண்டும், அல்லது அதே கோப்புக்கு வேறு டோரண்ட் தேட வேண்டும். 0 (14) என்றால் விதை இருக்கிறது, உங்கள் வீட்டு வாசல் சாத்தியிருக்கலாம். மென்பொருள் பயன்படுத்தும் போர்ட், அதாவது தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசல், ரவுட்டரில் திறந்திருக்கிறதா, கணினியின் பாதுகாப்புச் சுவரான ஃபயர்வால் தடுக்கிறதா என்று அப்போது பார்க்கலாம். பழைய வழக்கப்படி 6881 முதல் 6889 வரையிலான போர்ட்டில் வைத்திருந்தால் மாற்றுங்கள். சில இணைய நிறுவனங்கள் அந்த எண்களைக் குறிவைத்தே வேகத்தைக் குறைத்தன. மொபைல் டேட்டாவிலும் சில ஃபைபர் இணைப்புகளிலும் பல வீடுகளுக்கு ஒரே பொது இணைய முகவரியைப் பகிர்ந்து கொடுப்பார்கள். அங்கே ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 இருந்தால் அதை இயக்கிப் பார்ப்பது நல்லது.

12 (14) என்று நன்றாகவே இருந்தும் மெதுவாக வந்தால், நீங்கள் கொடுக்கும் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். அப்லோடை அடியோடு நெரித்துவைத்தால் டவுன்லோடு கூடும் என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. பிட்டோரண்ட்டின் மூல வடிவமைப்பில் ஒவ்வொரு பெறுநரும் ஒரு நேரத்தில் நான்கு பேருக்குத்தான் கொடுப்பார். தனக்கு அதிகம் கொடுப்பவர் யார் என்று 10 நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து அந்த நால்வரைத் தேர்ந்தெடுப்பார். புதிதாக வந்தவருக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்று 30 நொடிக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்கு எதுவும் எதிர்பாராமல் கொடுப்பார். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அந்த அதிர்ஷ்டத்தையும் விதையாளர்களையும் மட்டுமே நம்பி இருக்க வேண்டும். அதற்காக முழுவதும் திறந்துவிடவும் கூடாது. வந்த தரவு கிடைத்தது என்று திரும்பச் சொல்லும் சிறு செய்திகள் போக வழியில்லாமல் இறக்கமும் திணறும். உங்கள் அப்லோடு வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுத்துவைத்தால் சரியாக இருக்கும்.

இன்னொன்று, 40 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 5 எம்பி வந்தால் அது குறைவில்லை, முழு வேகம். இணைப்பை பிட்டில் விற்கிறார்கள், மென்பொருள் பைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட்.

தம்பியிடம் மூடாமல் அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கிருந்தோ ஒருவர் தன் கணினியைத் திறந்திருக்கிறார். கட்டம் 1 (1) ஆனது. மிச்சம் இருந்த துண்டுகள் சில நிமிடங்களில் வந்துவிட்டன. "முடிஞ்சிருச்சுண்ணே, இப்ப மூடிரலாமா?" என்று செய்தி அனுப்பினான். கூட இருந்த ஒன்பது பேரில் எத்தனை பேர் முடித்துவிட்டார்கள் என்று கேட்டேன். பார்த்துவிட்டு எழுதினான்: "ஏழு பேரு. ரெண்டு பேரு இன்னும் 98-ல இருக்காங்க. சரி, ராத்திரி ஓடட்டும், விதை விட்டுட்டுத் தூங்கறேன்."