வீட்டுப் பிரசவத்துக்கு உரிமம் உள்ள மருத்துவச்சி: எங்கே சரிபார்ப்பது, என்ன கேட்பது

வீட்டிலேயே பிரசவம் என்று முடிவெடுத்து மருத்துவச்சியைத் தேடுகிறீர்கள் என்றால், முதல் வேலை அவர் பெயர் சட்டப்படியான பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். தெரிந்தவர்கள் சொல்லும் நல்ல வார்த்தை, அவருடைய தளத்தில் இருக்கும் குழந்தைப் படங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்.

எந்தப் பதிவேடு என்பது நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் செவிலியர்களையும் மருத்துவச்சிகளையும் பதியும் என்எம்சி என்ற கவுன்சிலின் பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் இல்லாதவர் தன்னை மருத்துவச்சி என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது குற்றம். அவசர நேரம் தவிர, மருத்துவரோ மருத்துவச்சியோ அல்லாத ஒருவர் பிரசவம் பார்ப்பதும் குற்றம். நியூசிலாந்தில் ஒருமுறை பதிந்தால் போதாது. பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அமெரிக்காவில்தான் குழப்பம் அதிகம். செவிலியர் படிப்போடு மருத்துவச்சியானவர்கள், அதாவது சிஎன்எம்கள், 50 மாநிலங்களிலும் உரிமம் பெறலாம். ஆனால் பெரும்பாலோர் வேலை பார்ப்பது மருத்துவமனையில். வீட்டுக்கு வருபவர்களில் நிறையப் பேர் சிபிஎம் என்ற சான்றிதழ் பெற்ற மருத்துவச்சிகள். செவிலியர் படிப்பு இல்லாமல் நேரடியாக இந்தத் தொழிலைக் கற்றுத் தேர்வு எழுதியவர்கள். இவர்களுக்குப் பல மாநிலங்கள் உரிமம் தருகின்றன, சில தருவதில்லை. அதனால் ஒரு மாநிலத்தில் முறையாகத் தொழில் செய்பவர் பக்கத்து மாநிலத்துக்கு வந்தால் அந்த உரிமம் செல்லாமல் போகலாம். மாநில உரிம வாரியத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள்: உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அவரே சான்றிதழின் நகலைக் காட்டினாலும் இதைச் செய்யுங்கள். நகல் எடுத்த பிறகு உரிமம் ரத்தாகியிருந்தால் அந்தக் காகிதம் அதைச் சொல்லாது.

டூலா என்பவர் வேறு. வலி நேரத்தில் கூடவே இருந்து தைரியம் சொல்வார். நல்ல துணைதான், ஆனால் பிரசவம் பார்ப்பது அவர் வேலை அல்ல.

அடுத்தது யாருக்கு வீட்டுப் பிரசவம் சரிப்படும் என்பது. பொதுவாக வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழே திரும்பியிருக்க வேண்டும், 37 வாரம் நிறைந்து 42-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும், தாய்க்கு ரத்த அழுத்தம் போன்ற சிக்கல் இருக்கக் கூடாது. இரட்டைக் குழந்தை, கால் முன்னால் வரும் நிலை, முந்தைய சிசேரியன் இருந்தால் பல இடங்களில் விதியே தடுக்கும், அல்லது மருத்துவரிடம் அனுப்பச் சொல்லும். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எதற்கும் தலையாட்டுபவரை விட, "இந்த நிலை வந்தால் நான் பார்க்க மாட்டேன், மருத்துவமனைக்குத்தான்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரை நம்பலாம் என்பது என் கருத்து.

மருத்துவமனைக்கு மாற்றுவது அபூர்வமாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2011-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் 45 சதவீதம் பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களில் 12 சதவீதம். தலைப்பிரசவத்தில் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்படுவது மருத்துவமனைப் பிரிவில் 1000-க்கு 5.3, வீட்டில் 9.3. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் மருத்துவமனைத் தொடர்பும் இருந்தும் இந்தக் கணக்கு. ஆகவே கேளுங்கள்: எந்த மருத்துவமனை, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம், நீங்களும் கூட வருவீர்களா, பிரசவக் குறிப்புகளை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? தாய்க்கு ரத்தப்போக்கு வந்தால் கொடுக்கும் மருந்தும், குழந்தை மூச்சு விடாவிட்டால் உதவும் முகமூடிப் பையும் ஆக்சிஜனும் கையில் இருக்குமா? இரண்டாவது ஆள் யார்? பிரசவத்தில் தாய், குழந்தை இருவரையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிவரும், ஒருவரால் ஆகாது. அதே இரவில் அவருக்கு இன்னொரு பிரசவம் வந்துவிட்டால் யார் வருவார் என்பதையும் கேளுங்கள்.

பணம் யார் கட்டுவது? இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையின் மருத்துவச்சி வீட்டுக்கு வருவது இலவசம், ஆனால் அன்றைக்கு யார் வருவார் என்பது பெரும்பாலும் உங்கள் தேர்வு இல்லை. நியூசிலாந்தில் தகுதியுள்ளவர்கள் தாங்களே மருத்துவச்சியைத் தேர்ந்தெடுக்கலாம், செலவு அரசுடையது. கனடாவின் ஒன்டாரியோவில் மருத்துவர் கடிதம் இல்லாமலே நேரடியாகப் போகலாம். மாகாணக் காப்பீட்டு அட்டை இல்லாமல் அங்கே வசிப்பவர்களுக்கும் மருத்துவச்சியின் கவனிப்புக்குக் கட்டணம் இல்லை. அங்கெல்லாம் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், கர்ப்பம் உறுதியானதுமே கூப்பிடுவது நல்லது.

சொந்தச் செலவில் அமர்த்தினால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கட்டணத்தில் சேர்த்தியா, பிரசவத்துக்குப் பின் எத்தனை வாரம் வந்து பார்ப்பார், பாதியில் மருத்துவமனைக்கு மாற்றினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். உங்கள் காப்பீட்டு நிறுவனம் இதை ஏற்குமா என்று அவர்களிடமே கேளுங்கள். மருத்துவச்சியின் பதிலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அவருக்கே தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்பதும் முக்கியம். பிரிட்டனில் 2014 முதல் அது கட்டாயம்.

பிறப்புப் பதிவையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இங்கிலாந்தில் பிறப்பை 42 நாளுக்குள் பெற்றோர் பதிய வேண்டும். அமெரிக்காவில் உரிமம் உள்ள மருத்துவச்சியே பொதுவாகத் தாள்களைத் தாக்கல் செய்வார். உரிமம் இல்லாதவர் பார்த்த பிரசவம் என்றால் பல மாநிலங்களில் கர்ப்பத்துக்கும், குழந்தை அங்கேதான் பிறந்தது என்பதற்கும் பெற்றோரே ஆதாரம் காட்ட வேண்டிவரும்.