கூடப்போனவர் எப்படி இருக்கிறார்?

வேலூரில் ஒரு வீட்டிலிருந்து நர்ஸ் வேலைக்கு வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால் அது தெருவுக்கே தெரிந்த செய்தி. 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர் இது. மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலப் பரீட்சை, விசா எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிறு ஆராதனையில் சர்ச் போதகர் அந்தக் குடும்பத்தை முன்னால் அழைத்து ஜெபம் பண்ணி அனுப்புவார். வெளியே வந்ததும் வேலை கிடைத்த அந்தம்மாவைச் சுற்றிக் கூட்டம் கூடும். சூட்கேஸ் எடையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிற கணவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

குடும்பநல ஆலோசகர் என்ற முறையில் வெளிநாட்டிலிருந்து எனக்கு வரும் வீடியோ அழைப்புகளில் திரும்பத் திரும்ப வருவது அவர் கதைதான். இரண்டு மூன்று குடும்பங்களை ஒன்றாக்கி, அடையாளங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேசியது மனைவி. இங்கிலாந்தின் வட பகுதியில் ஒரு ஆஸ்பத்திரி. பன்னிரண்டரை மணி நேர நைட் டியூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அழைத்தார். "மேடம், இவர் இப்பல்லாம் பேசறதே இல்ல. சர்ச்சுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார். ராத்திரில எழுந்து உட்கார்ந்துக்கறார். விசுவாசம் குறைஞ்சிடுச்சோன்னு பயமா இருக்கு."

அவருடைய கணவர் இங்கே ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியராக இருந்தவர். சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கும் பாஸ்டரேட் கமிட்டியிலும் இருந்தார், பாடகர் குழுவில் பேஸ் எனப்படும் கனத்த ஆண் குரல். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவது அவர்தான். ஒரு முள்ளு கத்திரிக்காய்க் கூடையை வைத்துக்கொண்டு "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கோயில் வளாகத்தையே சிரிக்க வைப்பாராம். அங்கே போனபின் வீட்டுக்கு வெளியே அவர் பேசுவது கடைக்காரரிடம் சொல்கிற "தேங்க் யூ" மட்டும்.

அடுத்த வாரம் அவரே வந்தார். எங்களுக்கு இரவு ஒன்பது, அவர்களுக்குப் பிற்பகல் மூன்றரை. டிசம்பர் மாதம். அவருக்குப் பின்னால் ஜன்னலில் அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. போனை ரைஸ் குக்கர் மேல் சாய்த்து வைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயும் ஜாக்கெட் போட்டிருந்தார். ஹீட்டர் பில் ஏறும் என்று மனைவி வரும்வரை போடுவதில்லையாம். பத்து நிமிஷம் பையனின் பள்ளியைப் பற்றியே பேசினார். "நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "முடி வெட்டிக்கக்கூட அவ கார்டுதான் மேடம்" என்றார்.

ஒரு நாள் எட்டு வயதுப் பையன் அப்பாவின் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தியிருக்கிறான். கை ஓங்கிவிட்டது, கன்னத்தில் தடம் விழுந்தது. பள்ளியில் ஆசிரியை கவனித்து விசாரிக்க, சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வந்தார். ஸ்காட்லாந்தில் 2020 நவம்பரிலிருந்தும் வேல்ஸில் 2022 மார்ச்சிலிருந்தும் பெற்றோர் பிள்ளையை அடிப்பதே சட்டப்படி குற்றம். இங்கிலாந்துச் சட்டம் அந்த அளவு போகவில்லை, ஆனால் தடம் விழும்படி அடித்தால் அங்கேயும் வழக்கு வரலாம். விமானம் ஏறுவதற்கு முன்பே இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்று அவர் நடுங்கிப்போனார். அப்படி ஒன்றும் ஆகவில்லை, பேசிவிட்டுப் போனார்கள். ஆனால் அன்றிலிருந்து அவர் பையனோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

மனைவியிடம் பைபிளில் வரும் எலியாவை நினைவுபடுத்தினேன். சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசியை தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான். மனச்சோர்வு ஒரு நோய். தூக்கம் கெடுவது, பசி போவது, பிடித்த காரியத்தில் நாட்டமில்லாமல் போவது, காரணமில்லாத குற்ற உணர்வு என்று இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஜெபம் பண்ணுங்கள், டாக்டரிடமும் போங்கள். ஒன்றுக்கு மற்றது தடையில்லை.

அங்கே முதலில் ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் பேச்சு சிகிச்சைக்கு டாக்டர் சீட்டுகூடத் தேவையில்லை, அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் நாமே பெயர் கொடுக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்ததற்காக விசா பறிபோகாது. இந்தப் பயத்தில் எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அங்கே எந்நேரமும் 116 123-ல் சமாரிட்டன்ஸ் அமைப்பை இலவசமாக அழைக்கலாம். இங்கே இருக்கும் பெற்றோருக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். வைட்டமின் டி பற்றியும் ஒரு வார்த்தை. வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஊர்க் குளிர்கால வெயில் போதாது. தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்லி என்எச்எஸ்ஸே பரிந்துரைக்கிறது. மனச்சோர்வுக்கு அது மருந்தல்ல.

எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. மனைவி அங்கே நர்ஸாகப் பதிவு செய்வதற்காக அந்த வீட்டில் ஒரு வருஷம் முழுக்க ஃபைல் சேர்த்தார்கள். இவருடைய பி.எட் சான்றிதழை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இந்தியாவில் தகுதி பெற்ற கணிதம், அறிவியல் ஆசிரியர்கள் இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்க 2023-லிருந்து வழி திறந்திருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, ஆனால் வழி இருக்கிறது. நான் சொல்லும்வரை அவருக்கே தெரியாது. போவதற்கு முன் இருவர் பெயரிலும் ஃபைல் போடுங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்பது எப்போதும் கூடப்போகிறவர் விஷயத்தில்தான் சொல்லப்படுகிறது.

காட்பாடியில் இருக்கும் அவருடைய அம்மாவிடமும் பேசினேன். சபையில் யார் விசாரித்தாலும் "ஸ்தோத்திரம், எல்லாரும் நல்லா இருக்காங்க" என்பதைத் தவிர வேறொன்றும் அவர் சொன்னதில்லை. மகனிடம் கேட்பதெல்லாம் பனி விழுகிறதா, பேரன் சாப்பிட்டானா என்பது மட்டும். "இன்னைக்கு நீ யார்கிட்டப்பா பேசின?" என்று மட்டும் கேளுங்கள் அம்மா என்றேன். அன்று இரவே கேட்டிருக்கிறார். மகன் அழுதானாம். என்ன சொல்வதென்று தெரியாமல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாராம். அது போதும் என்றேன்.

இப்போது அவர் மாத்திரை எடுத்துக்கொள்கிறார், தூக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. விண்ணப்பத்துக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்று போன வாரம் அவருடைய அம்மாவே பஸ் ஏறிப் பழைய பள்ளிக்குப் போனார். அலுவலகத்தில் இருந்தவர், "சார் எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டிருக்கிறார். "கொஞ்சம் மனசு சரியில்லப்பா. மாத்திரை சாப்பிடறான். நீங்களும் ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொன்னதாக, என்னை அழைத்துச் சொன்னார்.