மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் மேடேறிப் போனால், ஷொங்வேனிக்கு அருகே சம்மர்வெல்ட் என்ற குதிரைப் பயிற்சி மையம் இருக்கிறது. பெரிய பெரிய லாயங்களுக்கு நடுவே என் மாமாவுக்கும் அங்கே ஒரு வரிசைக் கொட்டடி உண்டு. மொத்தம் ஏழு குதிரைகள். பள்ளி விடுமுறை நாட்களில் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து இருட்டோடு கிளம்பி அவருடன் போவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். விளக்கைப் போட்டதும் மாமா தீவனத்தைப் பார்க்க மாட்டார், தண்ணீரைப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு குதிரையின் முன்காலையும் புறங்கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வருவார். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், சூட்டைப் புறங்கைதான் சரியாகச் சொல்லும் என்பார்.

ஒருநாள் அப்படித் தடவும்போது, இரண்டு வயதுப் பெண் குதிரை ஒன்று காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டது. சின்னக்குட்டி என்றுதான் அதைக் கூப்பிடுவோம். இரண்டு நாளைக்கு முன்புதான் 600 மீட்டர் பாய்ந்து வந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்காமல் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். இப்போது அதே குதிரை, முழங்காலுக்குக் கீழே விரல் பட்டாலே துடிக்கிறது. மாமா எழுந்து நின்று, "காத்து வந்துடுச்சு கண்ணு, காலு இன்னும் வரலே" என்றார்.

பிறகு உயிரியல் படித்தபோதுதான் அந்த ஒரு வரியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரிந்தது. பந்தயக் குதிரையின் உடம்பு ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. இரத்தமும் இதயமும் சில வாரங்களில் தயாராகிவிடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். தசைநாணோ குதிரை வளர்ந்து முடிந்த பிறகு அவ்வளவாக மாறுவதே இல்லை. லாயத்தில் வருகிற ஏற்ற இறக்கங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள்ளிருந்துதான் வருகின்றன.

முதலில் மூச்சு. நின்றுகொண்டிருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறைதான் துடிக்கும். முழுப் பாய்ச்சலில் அது 220-ஐத் தாண்டும். அந்த நேரத்தில் குதிரை இன்னொரு காரியமும் செய்கிறது. அதன் மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. உடம்பிலுள்ள சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கே பத்திரமாக இருக்கும். ஓட்டம் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அவ்வளவையும் இரத்தத்தில் கொட்டிவிடும். ஓய்வில் இரத்தத்தின் கனஅளவில் 40 சதவீதம் அளவுக்கு இருந்த சிவப்பணுக்கள், ஓட்டத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மனித விளையாட்டு வீரர்கள் தடையை மீறி ஊசி போட்டு ஏற்றிக்கொள்ளப் பார்ப்பதை, குதிரை பிறவியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கிட்டால், உச்ச நிலையில் ஒரு நல்ல பந்தயக் குதிரை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், உலகத்தரம் வாய்ந்த மனித ஓட்டக்காரர் எடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மூச்சுக்கும் காலடிக்கும் உள்ள தாளம் இன்னும் அழகானது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரே ஒரு மூச்சு. முன்கால்கள் தரையில் ஊன்றும்போது காற்று வெளியே போகும், அவை மேலெழும்போது உள்ளே வரும். நிமிடத்துக்கு 130, 140 மூச்சு, அத்தனையும் மூக்கு வழியாக மட்டும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. அதன் மெல்லண்ணம் அந்த வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டால், குதிரை வருவதற்கு முன்னால் அந்த 'ஃபுர்ர், ஃபுர்ர்' சத்தம் ஒரே சீராக வரும். அந்தச் சீர் குலைந்தால் மாமாவின் முகம் மாறிவிடும்.

ஆனால் நுரையீரலுக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. இரத்தத்தின் அளவு ஓரிரு வாரத்திலேயே கூடத் தொடங்கும், இதயம் வலுக்கும், தசை தடிக்கும். நுரையீரல் மட்டும் பிறந்தபடியே இருக்கும். வலுத்த இதயம் அவ்வளவு இரத்தத்தையும் அதன் வழியாகத்தான் தள்ள வேண்டும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கிற சவ்வு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அழுத்தம் தாங்காமல் அங்கங்கே அது கிழிந்து இரத்தம் கசிகிறது. ஓடி முடித்த பந்தயக் குதிரைகளின் மூச்சுக்குழாயில் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் இரத்தத் தடம் தெரியும். மூக்கு வழியாக வெளியே வருவது அபூர்வம். அதனால் மூக்கு சுத்தமாக இருந்தால் நுரையீரலும் சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, காலுக்கு வருவோம். நாம் குதிரையின் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருக்கும் நீண்ட கேனன் எலும்பு, நம் உள்ளங்கையின் நடு எலும்புக்குச் சமம். அதாவது சுமார் 480 கிலோ மிருகம் ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில் நின்றபடி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பாய்ச்சலில் ஒரு முன்கால் ஊன்றும் கணத்தில் அதன்மீது விழும் விசை, உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஒரு சின்னக் காரை அந்த ஒற்றை விரலில் நிறுத்துவது போல. 1,200 மீட்டர் பந்தயம் ஒன்றில் ஒவ்வொரு முன்காலும் இப்படி ஏறக்குறைய 180 முறை வாங்கிக்கொள்கிறது.

எலும்பு உயிருள்ள பொருள். எந்தத் திசையில் சுமை விழுகிறதோ அந்தத் திசையில் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை ஒரு விதியாக எழுதினார். இளங்குதிரை முதன்முதலாக வேகமாக ஓடும்போது, கேனன் எலும்பின் முன்பக்கம் பெருமளவு நசுங்கும். அவசரம் என்று உணர்ந்த உடம்பு, எலும்பின் மேலுறையில் புது எலும்பை வேகமாகப் பூசுகிறது. அவசரத்தில் பூசிய பூச்சு பலவீனமானது. அதுதான் வீக்கம், அதுதான் வலி. எங்கள் ஊர் லாயங்களில் 'ஷின்ஸ் வந்துவிட்டது' என்பார்கள். அமெரிக்காவில் பயிற்சியில் இருந்த இரண்டு வயதுக் குதிரைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இது வந்திருந்தது. சின்னக்குட்டிக்கு வந்ததும் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நுனமேக்கர் என்ற கால்நடை மருத்துவர் ஒரு எளிய கேள்வி கேட்டார். பழைய முறையில் குதிரையை மெதுவாக, நீண்ட தூரம் ஓட்டி ஓட்டித்தானே கால்களை உறுதிப்படுத்துகிறோம்? பிறகு ஏன் இத்தனை பேருக்கு ஷின்ஸ் வருகிறது? அவர் கண்டது இது. மெதுவான ஓட்டத்தில் எலும்பின்மீது சுமை விழும் திசை வேறு, பாய்ச்சலில் விழும் திசை வேறு. மாதக்கணக்கில் மெதுவாக ஓட்டினால், எலும்பு மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றபடி தன்னைக் கட்டிக்கொள்ளும். பிறகு திடீரென்று வேகம் கேட்டால் அது தயாராக இருக்காது. வேகத்துக்குத் தயாராக வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் வேகம் காட்ட வேண்டும். மிகக் குறைந்த தூரம், வாரத்தில் ஓரிரு முறை, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு.

எவ்வளவு குறைவு போதும்? 1984-ல் வெளியான ஒரு ஆய்வில், சேவலின் இறக்கை எலும்பை மற்ற அசைவுகளிலிருந்து தனியாக்கி, இயந்திரத்தால் நாள்தோறும் சுமை கொடுத்துப் பார்த்தார்கள். சுமையே இல்லாவிட்டால் எலும்பு கரைந்தது. நாளைக்கு 4 முறை அழுத்தினாலே கரைவது நின்றது. 36 முறை அழுத்தியதும் வளர்ந்தது. 1,800 முறை அழுத்தியும் அதற்குமேல் கூடுதல் பலன் இல்லை. முப்பத்தாறு என்றால் ஒரு குதிரைக்கு 250 மீட்டர்கூட வராது! எலும்புக்குச் சேதி சொல்ல அவ்வளவு போதும், அதற்கு மேலே ஓடுவதெல்லாம் தேய்மானம். சேவல் கணக்கை அப்படியே குதிரைக்குப் போட முடியாதுதான். ஆனால் இதைப் படித்து மாமாவிடம் சொன்ன அன்று, அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பருவத்திலிருந்து அவருடைய இளங்குதிரைகள் தினசரி மெதுவோட்டத்தின் கடைசியில், வாரம் இரண்டு நாள், 200 மீட்டர் மட்டும் கொஞ்சம் முடுக்கி ஓடின. ஷின்ஸ் அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் குறைந்தது என்று அவர் கை சொல்கிறது.

ஓய்வு கொடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அடிபட்ட எலும்பைச் சரிசெய்ய, முதலில் ஒரு வகைச் செல்கள் பழுதான பகுதியைத் தோண்டி எடுக்கும். பிறகு இன்னொரு வகைச் செல்கள் புது எலும்பை நிரப்பும். தோண்டுவது சில வாரங்களில் முடிந்துவிடும், நிரப்புவதற்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். நடுவில் ஒரு காலகட்டம் எலும்பு சல்லடை போல இருக்கும். வலி போயிருக்கும், குதிரை உற்சாகமாகத் துள்ளும், எக்ஸ்ரேகூடப் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஓய்வில் இருந்துவிட்டுத் திரும்பிய குதிரைகளுக்குத் தோள்பட்டைக்குக் கீழுள்ள மேற்கை எலும்பு முறிவது அதிகம் என்று கலிஃபோர்னியாவில் கண்டறிந்தார்கள். மாமாவின் லாயத்தில் ஒரு நல்ல ஆண் குதிரையை நாங்கள் அப்படித்தான் இழந்தோம். ஓய்விலிருந்து வந்து மூன்றாவது வாரம், சாதாரணக் காலை ஓட்டத்தில். அவசரப்பட்டது நாங்கள்தான். அந்தக் கொட்டடியில் மாமா ஒரு மாதம் வேறு குதிரையைக் கட்டவில்லை.

தசைநாண் இன்னும் கடினமான ஆள். கேனன் எலும்பின் பின்புறம் ஓடும் நீண்ட தசைநாண் ஒரு வில்லைப் போல இழுபட்டு, அடுத்த அடிக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. குதிரை இவ்வளவு மலிவாக ஓடுவது அதனால்தான். ஆனால் இழுபடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி சூடாக உள்ளே தங்கிவிடும். பாய்ச்சலின் முடிவில் தசைநாணின் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அங்கே இரத்த ஓட்டம் குறைவு, சூடு ஆற வழியில்லை. கிழிந்தால் ஆற ஒரு வருடம்கூட ஆகும், ஆறினாலும் பழைய நெகிழ்ச்சி வராது. ஓட்டம் முடிந்ததும் குதிரையைப் பராமரிக்கும் குரூம் குழாய்த் தண்ணீரைக் காலில் பாய்ச்சிக்கொண்டே நிற்பது சும்மா இல்லை.

வயிற்றைப் பற்றிச் சுருக்கமாக. குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு ஓடினால் அந்த அமிலம் மேற்பகுதியில் தெறித்துப் புண்ணாக்கும். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு பிடி உலர்புல் கொடுத்தால், அது மேலே மெத்தை போல மிதந்து தடுக்கும். இதற்குச் செலவே இல்லை, அதனால்தான் எல்லோரும் செய்ய வேண்டும் என்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் குதிரை வளர்ப்பவருக்கு இன்னொரு கவலையும் சேர்ந்து வருகிறது. ஆப்பிரிக்கக் குதிரை நோய். கொசுவைவிடச் சிறிய ஒரு கடிப்பூச்சி பரப்பும் வைரஸ் அது. ஒன்பது வகைகள் உண்டு. வரிக்குதிரை அதைச் சுமந்துகொண்டு நிம்மதியாகத் திரியும், குதிரையோ ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போகும். 1854, 55 ஆண்டுகளில் கேப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 70,000 குதிரைகள் மாண்டன. கோடையின் கடைசியில், மழைக்குப் பிறகு, நோய் உச்சத்துக்கு வரும். பூச்சி கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. பயிற்சி தொடங்குவதோ விடிவதற்கு முன்னால். அதனால் அந்த மாதங்களில் மாமா வெளிச்சம் வந்த பிறகே குதிரைகளை வெளியே எடுப்பார். பெரிய லாயங்கள் முடித்துக்கொண்டு திரும்பும் நேரம் இவர் கிளம்புவார், வெயில் ஏறியிருக்கும், ஓடுதளமும் மிதிபட்டுக் கிடக்கும். தடுப்பூசி போட்ட வாரங்களில் கடும் பயிற்சியும் கூடாது. எலும்பின் நாட்காட்டிக்குள் பூச்சியின் நாட்காட்டியையும் பொருத்த வேண்டும்.

அதற்கு மேலே மனிதர் போட்ட நாட்காட்டி ஒன்று. தென்னாப்பிரிக்கப் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஆகஸ்ட் 1-ம் தேதி ஒரு வயது கூடும். எங்கள் ஊர்க் கோயில்களில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் அதே நாட்கள். செப்டம்பரில் பிறந்த குட்டிக்கும் நவம்பர் கடைசியில் பிறந்த குட்டிக்கும் ஒரே நாளில் இரண்டு வயது. முன்கால் முழங்காலில் எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்தட்டு மூடுவதற்கோ 24 மாதத்துக்கு மேல் ஆகும். பந்தயப் பதிவேடு இரண்டு என்று சொல்லும்போது எலும்பு ஒன்றே முக்கால் என்று சொல்லலாம். சின்னக்குட்டி நவம்பர்க் குட்டி.

நூறு குதிரை இருக்கும் லாயத்தில் பத்து படுத்தாலும் தொண்ணூறு ஓடும். ஏழில் இரண்டு படுத்தால் அந்த மாதத் தீவனக் கணக்கு இடிக்கும். லாடக்காரர், மருத்துவர், குரூம் சம்பளம் எதுவும் நிற்காது. சின்னக்குட்டியின் உரிமையாளர்கள் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். 1897-ல் தொடங்கிய டர்பன் ஜூலை பந்தயம் கிரேவில் மைதானத்தில் நடக்கும்போதெல்லாம் பிரியாணிப் பானையோடு போய் உட்காருகிறவர்கள். என்றைக்காவது தங்கள் குதிரையும் அங்கே ஓட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வாரம் தவறாமல் அழைப்பார்கள். "அண்ணே, எப்ப ஓடும்?" மாமாவுக்கு இந்தக் கேள்விதான் மிகக் கஷ்டமானது. குதிரை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் கண்ணுக்கே தெரிகிறதே.

அவர் ஒரு வாரம் நடை மட்டும் கொடுத்தார். அப்புறம் ஆறு வாரம் மணலில் மெதுவோட்டம். எட்டாவது வாரத்திலிருந்து, 200 மீட்டர், வாரம் இரண்டு முறை. நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் மாமா வழக்கம் போலக் குனிந்து, இரண்டு முன்கால்களையும் தடவி, எலும்பின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். சின்னக்குட்டி வாயிலிருந்த புல்லை மென்றுகொண்டே அவர் தொப்பியை மோந்து பார்த்தது. மாமா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அந்த நண்பர்களை அழைத்தார்.