ஒற்றை ஸ்பீக்கரில் ஒரு போலீஸ் நாடகம்

1949 ஜூன் 3ஆம் தேதி என்பிசி வானொலியில் ‘டிராக்நெட்’ தொடங்கியபோது, அமெரிக்க நேயர்களுக்குப் போலீஸ் நாடகம் பழகிப்போன சங்கதி. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் வழக்குகளை வைத்து ‘காலிங் ஆல் கார்ஸ்’ 1933லேயே வந்துவிட்டது. 1936ல் வந்த ‘கேங் பஸ்டர்ஸ்’ எடுத்த எடுப்பிலேயே விசில், சைரன், இயந்திரத் துப்பாக்கி என்று அமர்க்களப்படுத்தும். ஜாக் வெப் இயக்கி நடித்த டிராக்நெட் போனது எதிர்த் திசையில். அவர் ஏற்ற சார்ஜண்ட் ஜோ ஃபிரைடே பாத்திரம் குரலை உயர்த்துவதே அபூர்வம். காலடி, கதவுத் தாழ்ப்பாள், டெலிபோன் டயல் சுழல்வது, பக்கத்து மேசையில் யாரோ இருமுவது என்று சின்னச் சின்ன ஓசைகளாலேயே ஒரு காவல் அலுவலகம் காதில் எழும்பிவிடும்.

அன்றைய ரேடியோவில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நேயருக்குக் காட்ட முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: யார் கிட்டே இருக்கிறார், யார் தள்ளி இருக்கிறார். ஸ்டூடியோவில் நடந்த வேலைகளில் பெரும்பகுதி இந்தத் தூரத்தை உருவாக்கத்தான்.

தூரத்தைக் காது எப்படிக் கணிக்கிறது? சத்தத்தின் அளவை மட்டும் வைத்து அல்ல. வாயிலிருந்து நேராக வரும் ஒலிக்கும் சுவர்களில் பட்டு வரும் ஒலிக்கும் உள்ள விகிதத்தைத்தான் அது பெரிதும் நம்புகிறது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் நேர் ஒலி 6 டெசிபல் குறையும். சுவரொலி அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மைக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் நின்ற நடிகர் 1.2 மீட்டருக்குப் பின்வாங்கினால் நேர் ஒலி 12 டெசிபல் இறங்கும், சுவரொலி அப்படியே நிற்கும். ஆள் அறையின் மறுகோடிக்குப் போய்விட்டதாகக் காது எடுத்துக்கொள்ளும். பொறியாளர் ஒலி அளவுக் குமிழைத் திருப்பி இதைச் செய்ய முடியாது. குமிழ் இரண்டையும் சேர்த்தே குறைக்கும், விகிதம் மாறாது. ஆள் நகர மாட்டார், வீட்டில் யாரோ ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தது போலத்தான் இருக்கும்.

இந்த வேலைக்கு வாய்த்த கருவி ஆர்சிஏ 44 வகை ரிப்பன் மைக். காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, நெளிநெளியாக மடித்த அலுமினியத் தகடு ஒன்று தொங்கும். இதுதான் ரிப்பன், தடிமன் சுமார் 2 மைக்ரான். முன்னும் பின்னும் மூடாமல் திறந்திருப்பதால், தகட்டின் இரு பக்கமும் உள்ள காற்றழுத்த வேறுபாடுதான் அதை ஆட்டும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இரு முகத்தையும் ஒரே நேரத்தில் அடைகிறது. வேறுபாடு இல்லை, ஆகவே அசைவும் இல்லை. முன்னும் பின்னும் நன்றாகக் கேட்கும், விளிம்பில் செவிடு. எனவே விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே மைக்கின் இரு பக்கமும் எதிரெதிரே நின்று, முகம் பார்த்தே பேசலாம். ‘வெளியேற’ வேண்டிய நடிகர் செவிட்டு விளிம்புக்கு இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். நேர் ஒலி அறுந்து சுவரொலி மட்டும் மிஞ்சும். நேயருக்கு அது தாழ்வாரத்தின் கடைசி.

ரிப்பன் மைக்கை நெருங்க நெருங்கக் குரலின் அடிச்சுரங்கள் தடித்துக் கேட்கும். டிராக்நெட் பாணியில் தணிந்து பேசுவதற்கு இது பெரிய வசதி. ஆனால் ரொம்ப ஒட்டிப்போனால் சொற்கள் குழம்பிவிடும், ‘ப’ வரும்போதெல்லாம் தொப்பென்று காற்று அடிக்கும். மைக் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்க்கும் வழக்கம் இங்கே கூடவே கூடாது. ஓர் ஊதலில் ரிப்பன் நீண்டு தொய்ந்துவிடும்.

கதவுக்குக் கதவுதான்: நிலை, கீல், பூட்டு எல்லாம் உள்ள சிறிய அளவுக் கதவு, தனி மைக்கின் முன்னால். கனமான அடிச்சட்டம் வேண்டும், இல்லையென்றால் வெற்றுப் பெட்டியைத் தட்டிய மாதிரிக் கேட்கும். இதில் வரிசைதான் முக்கியம். காலடி நிற்க வேண்டும், தாழ் ‘க்ளிக்’ என வேண்டும், கீல் அசைய வேண்டும், அதற்குப் பிறகே வசனம். வசனம் முந்திவிட்டால் வந்தவர் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தவராகிவிடுவார்.

சைரனும் தெருச் சத்தமும் இசைத்தட்டில். ஒலி விளைவுக் கலைஞரின் மேசையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சுழல்தட்டுகள் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும் வண்டியின் சைரன் சுருதி, நம்மைத் தாண்டும்போது ஏறக்குறைய 9 சதவீதம் இறங்கும். நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடும் தட்டை 71க்குக் கொண்டுவந்து, கூடவே ஒலி அளவையும் தணித்தால் கார் கடந்து போய்விட்டது. இறக்கம் சீராக, ஒரு நொடியாவது எடுக்க வேண்டும். வெடுக்கென்று இறக்கினால் நகைச்சுவை நாடகம்தான்.

டெலிபோன் குரலுக்கு 300 ஹெர்ட்சுக்குக் கீழும் 3,000க்கு மேலும் உள்ளதை வடிகட்டி வெட்டிவிடுவார்கள். மறுமுனையில் பேசுபவரை அடைத்த தனி அறையில் நிறுத்த வேண்டும். அதே கூடத்தில் நின்றால் அவருடைய முழுக்குரல் பிரதான மைக்கிலும் கசிந்து, போனில் பேசும் ஆள் பக்கத்திலேயே நிற்பது அம்பலமாகும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் தந்தது துப்பாக்கி. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபல் சுமார். ரிவால்வர் மிகக் கிட்டத்தில் 150ஐத் தாண்டும். வீட்டு ஏஎம் ரேடியோ தாங்கும் ஏற்ற இறக்கமோ 30, 40 டெசிபல்தான். அதாவது, ஒலிபரப்பில் துப்பாக்கி ஓர் உரத்த கூச்சலைவிடப் பெரிதாகக் கேட்கவே முடியாது. வெடி ஓசையின் உச்சம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். ஒலி அளவைக் காட்டும், 1939ல் தரப்படுத்தப்பட்ட வியு (VU) மீட்டரின் முள் மேலே ஏற 0.3 நொடி பிடிக்கும். முள் சாதுவாக இருக்கும்போதே பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) திணறி, காதில் ‘படக்’ என்று ஓர் உதவாத சத்தம் விழும். மைக் பக்கத்தில் சுட்டால் ரிப்பனும் போச்சு.

ஆகவே வெற்றுத் தோட்டாவைச் சுடுவதென்றால் மைக்கிலிருந்து பல மீட்டர் தள்ளி, எதிர்ப்புறம் நோக்கி. நேரடி ஒலிபரப்பில் துப்பாக்கி வெடிக்காமல் போவதும் உண்டு என்பதால், கையில் இன்னொன்று தயாராக இருக்கும். தோல் மெத்தையை மெல்லிய பிரம்பால் பளீரென அடிப்பது இதைவிட நம்பகமான வழி. அதன் உச்சம் குறைவு, வால் நீளம். ஸ்பீக்கரில் நிஜத் துப்பாக்கியைவிட இதுதான் துப்பாக்கி.

சுட்ட பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒலிபரப்பியைக் காக்க 1930களின் பிற்பகுதியிலிருந்து ஒலி வரம்புக் கருவிகள் வந்தன. பெரிய சத்தம் வந்ததும் இவை பெருக்கத்தைச் சட்டென்று குறைக்கும், திரும்ப ஏற்றுவது மெதுவாகத்தான். அந்த இடைவெளியில் யாராவது பேசினால் முதல் சில சொற்கள் அமுங்கிப்போகும். அதனால் வெடிச் சத்தத்துக்கும் வசனத்துக்கும் நடுவே, அமுங்கினாலும் பாதகமில்லாத ஓர் ஓசையை வைப்பது உத்தமம்: ஆள் விழுவது. முதலில் ஒலி விளைவுக் கலைஞரின் முழங்கை தரையில், ஓர் இமைப்பொழுது கழித்து முன்கை முழுவதும் பட்டென்று. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மனிதன் விழவில்லை, மூட்டை விழுந்தது.